துடைக்கும்போது

கேக்குக்கும் தேநீர்க் குடுவைக்கும் நடுவில் டுவைட் ஒரு நீளமான பெட்டியை வைத்தான். ஊதா நிற நாடாவைப் பூப்போல முடிந்திருந்தான்.

"பிரிச்சுப் பாரு ஆட்ரி. பன்னெண்டு வயசாயிடுச்சு. சித்தப்பா சும்மா வருவேனா?"

டானா கேக் கத்தியைக் கீழே வைத்தாள். பெட்டியின் நீளமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"அதுல என்ன டுவைட்?"

"நம்ம வீட்டுச் சாமான்தான் அண்ணி. வீடு திரும்பியிருக்கு."

மகள் பிரித்தாள். அந்தக் குடும்பத்தின் வேட்டைத் துப்பாக்கி. மரப்பிடியில் மூன்று பெயர்களின் முதல் எழுத்துகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருந்தன: பெரியவர் ஹார்லனின் தகப்பன், பிறகு ஹார்லன், பிறகு அவருடைய மூத்த மகன் டரெல். நான்காவது எழுத்துக்கு இடம் விட்டிருந்தது. மூத்த பிள்ளைக்குப் பன்னிரண்டு முடிந்தால் துப்பாக்கி கை மாறும். அந்த நவம்பரில் மான் வேட்டை தொடங்கும் நாளில் பிள்ளை அதோடு காட்டுக்குள் போகும். அது வழக்கம்.

டானாவின் கணவன் டரெல் சென்ற பிப்ரவரியில் கார் கொட்டகையில் அதே துப்பாக்கியால் செத்துப்போனான். துடைக்கும்போது வெடித்துவிட்டது என்றார்கள். முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டு பியூலா. கோழியும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்ட பண்டத்தைத் துக்க வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துச் சொன்னாள். அடக்கத்தின்போது போதகர் சொன்னார். ஷெரிஃப் அலுவலகமும் அப்படியே எழுதிக்கொண்டது. எங்கள் டென்னசி மலைப்பக்கத்தில் ஆண்கள் பலர் இப்படித்தான் சாகிறார்கள். இவ்வளவு துடைத்த துப்பாக்கிகள் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

கடைசி சில மாதங்களாக டரெல் தட்டை அளைந்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்ததை யாரும் பேசவில்லை. இப்போது ஆட்ரியும் அப்படித்தான் எழுந்து போகிறாள். டானா தினமும் அந்தத் தட்டைப் பார்க்கிறாள்.

விசாரணை முடிந்து ஷெரிஃப் அலுவலகத்தில் துப்பாக்கியை எடுத்துப் போகச் சொன்னபோது டானா மறுத்துவிட்டாள்.

"எனக்கு வேணாம். உடைச்சுப் போட்டுடுங்க."

கவுன்டரில் இருந்த இளைஞன் கையெழுத்து வாங்கிக்கொண்டான். வாங்கிய பிறகுதான் சொன்னான். "உடைக்க முடியாதுங்கம்மா. மாநிலச் சட்டம். ஏலத்துலதான் விடணும்."

"அது என் புருஷனைக் கொன்னிருக்கு."

"அதனால அதுக்கு ஒண்ணும் ஆகலீங்களே. நல்லாத்தான் வேலை செய்யுது."

ஏலத்தில் எடுத்த வியாபாரி அதை நெடுஞ்சாலைக் கடையில் மாட்டி வைத்தான். மீன் தூண்டில் வாங்கப் போன டுவைட் எழுத்துகளைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டான். கண்கலங்கினான் என்றுகூடக் கடைக்காரன் சொன்னான்.

"இது வேற எவன் வீட்டுச் சுவத்துலயோ தொங்கணுமா அண்ணி? ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும். என் வீட்டுல இது ஒரு ராத்திரி தங்காது."

"துப்பாக்கி மேல என்ன தப்பு? நடந்தது விபத்து. முறையாக் கத்துக்கிட்டா ஒண்ணும் ஆகாது."

டானா அவனை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"அப்போ கத்துக்கொடு. இங்கயே, எங்க முன்னாடியே. எப்படித் துடைக்கணும்னு காட்டு."

டுவைட்டுக்கு மகிழ்ச்சி. அண்ணி வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தான். கேக்கை ஓரமாகத் தள்ளிவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான். அடிப்பக்கத்து நெம்புகோலை இறக்கினான்; உள்ளறை திறந்தது.

"முதல் வேலை இதான் ஆட்ரி. உள்ள குண்டு இருக்கான்னு பாக்கணும். கண்ணால பாத்தா பத்தாது, விரலை விட்டும் தடவிப் பாக்கணும். அதுக்கு முன்னாடி துணியையே தொடக்கூடாது. நம்ம வீட்டுல நடக்கத் தெரிஞ்ச புள்ளைக்குக்கூட இது..."

அவன் நிறுத்திக்கொண்டான். விரல் உள்ளேயே இருந்தது.

"அப்பா பாக்கலையா?" என்றாள் ஆட்ரி.

டுவைட் விரலை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

மேசைக் கோடியில் ஹார்லன் இருந்தார். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. மகன் செத்த பிறகு அவர் பேச்சு அவ்வளவுதான்.

"பாத்திருப்பான்," என்றார். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாளும் மறந்தவன் இல்ல."

"அப்போ... குண்டு இருந்தது அப்பாவுக்குத் தெரியுமா தாத்தா?"

கிழவர் மருமகளைப் பார்த்தார். டானா நாற்காலியை இழுத்து மகள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"தெரியும் கண்ணு. அப்பாவுக்கு மனசு ரொம்ப நாளாச் சரியில்ல. அவர் சொல்லல. நாங்களும் கேக்கல. விபத்துன்னா எல்லாருக்கும் சௌகரியமா இருந்துச்சு."

"எனக்கு முன்னமே தெரியும்மா," என்றாள் ஆட்ரி. "நீங்க எல்லாரும் துடைக்கும்போதுன்னு சொன்னீங்களா, அதான் நானும் சொல்லிட்டிருந்தேன்."

டானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மாமனார் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உடைக்கக் கூடாதுங்கிற சட்டம் போலீசுக்குத்தானே?"

ஹார்லன் யோசித்தார். சட்டத்தை மதிக்கிற மனிதர்.

"நமக்கு அப்படி ஒண்ணும் இல்லம்மா."

"டரெலோட இரும்பு அறுக்குற மெஷின் கொட்டகையிலதான் இருக்கு."

"அப்பா!" டுவைட் எழுந்துவிட்டான். "இது உங்கப்பாவோடது!"

"தெரியும்டா. வா, வந்து அந்த முனையைப் பிடி."

சற்று நேரத்தில் அந்தத் தெரு முழுக்க இரும்பு அறுபடுகிற சத்தம். பியூலா கையில் மாவோடு வேலியோரம் ஓடி வந்தாள்.

"டானா! என்னடி சத்தம் இது? மறுபடியும் ஏதாவது ஆயிடுச்சா?"

டானா கொட்டகை வாசலுக்கு வந்தாள். உடுப்பில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தது.

"ஒண்ணுமில்ல பியூலா," என்றாள். "துப்பாக்கி துடைச்சிட்டிருக்கோம்."