ஐயா கேட்ட பெயர்

கொடை கொடுப்பவர்களின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதுதான் விஜயலட்சுமியின் வேலை. கல்வராயன் மலைக்காட்டைக் காப்பதற்காகக் கள்ளக்குறிச்சியில் நடந்துவந்த ஒரு சின்ன அறக்கட்டளைக்கு அவள் செயலாளர். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு இருதய ஆபரேஷன், யாருக்குப் பொன்னாடை போர்த்தினால் பிடிக்காது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நேரடியாகக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கேட்காமலே இருந்தால் மறந்துபோவார்கள். இரண்டுக்கும் நடுவே நடக்கப் பதினோரு வருஷத்தில் பழகியிருந்தாள்.

கொடையாளர்களில் பெரியவர் தெய்வசிகாமணி. சேலத்துப் பக்கம் நூற்பாலை வைத்திருந்தார். சொந்த ஊர் கச்சிராயபாளையம். ஒரே மகன் இளவரசன் பத்தொன்பது வயதில் கோமுகி அணையில் மூழ்கிப் போனான். அவன் நினைவாக ஊருக்குப் போகும் சாலையில் முந்நூறு புங்கங்கன்று நடவேண்டும் என்று கேட்டு வந்தவர், அவை தழைத்ததைப் பார்த்ததும் மனம் இளகினார். மலைமேல் காட்டுத்தீக் காவலர் பதினெட்டுப் பேருக்கும், அடிவாரத்து நாற்றுப்பண்ணைப் பெண்களுக்கும் அவர் பணத்தில்தான் சம்பளம் என்றாயிற்று. வருஷாவருஷம் மாசியில், மகன் இறந்த நாளில் வருவார். காரை நிறுத்திவிட்டு மர நிழலில் தனியாக நடப்பார். விஜயலட்சுமி பத்தடி பின்னால் வாய் திறக்காமல் நடப்பாள்.

அந்த மரங்களுக்கு ஆறு கோடை தண்ணீர் ஊற்றியவன் செல்லமுத்து. மாட்டுவண்டியில் பீப்பாய் ஏற்றிக்கொண்டு வருவான். ஆடு கடித்த கன்றுக்கெல்லாம் முள் வெட்டி வந்து கட்டியவனும் அவன்தான். தெய்வசிகாமணி அவனைப் பார்த்ததே இல்லை. அவர் வரும் நாளில் வேலையாட்கள் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது விஜயலட்சுமியின் ஏற்பாடு.

எண்பத்தேழு செப்டம்பரில் செல்லமுத்துவின் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. தென்னாற்காட்டில் எங்கு பார்த்தாலும் மரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. சுட்டார்கள், செத்தார்கள் என்று நாலு பக்கமிருந்தும் சேதி வந்தது. வழி திறந்ததும் விஜயலட்சுமி போய்ப் பார்த்தாள். புங்கைகளில் பாதிக்கு மேல் இல்லை. முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டைகள் வரிசையாக நின்றன.

செல்லமுத்து தன் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் கேட்பதற்கு முன் அவனே சொன்னான்.

"நானும்தாம்மா வெட்டுனேன்."

"நீயா?"

"வாணாம்னு சொல்லிப் பாத்தேன். நீ நம்ம ஆளா, மொதலாளி ஆளான்னு கேட்டாங்க. எம்பொண்ணு பள்ளிக்கூடம் முடிச்சுட்டு, மேல படிக்க எடம் கெடைக்காம கரும்பு வெட்டப் போய்க்கினு இருக்கா. அவளுக்காவத்தான இதெல்லாம்? நான் எப்பிடி ஒதுங்கி நிக்கறது? மொத மரத்துக்குக் கை ஒதறுச்சும்மா. அப்பறம் ஒதறல."

"இத வேற யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்துத் தெய்வசிகாமணி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அலுவலகத்துக்கு வந்தபோது முகம் காய்ந்திருந்தது.

"யாருன்னு எனக்குத் தெரியணும்."

"பெரிய கூட்டம் ஐயா. எங்கெங்கேருந்தோ வந்தாங்க."

"உள்ளூர்க்காரன் ஒருத்தன் பேரு போதும். அவன் மூஞ்சியப் பாத்து ஏண்டான்னு ஒரு வார்த்த கேக்கணும்." பிறகு மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "ஜனவரியில நான் கையெழுத்துப் போடணும் இல்ல, விஜயலட்சுமி?"

மலைமேல் இருந்த பதினெட்டுப் பேரை நினைத்தாள். பண்ணைப் பெண்களை நினைத்தாள். தன் சம்பளத்தையும் நினைத்தாள். ஒரு வார்த்தை கேட்கத்தானே என்கிறார் என்று நம்ப ஆசைப்பட்டாள், நம்பினாள். பெயரைச் சொன்னாள்.

அவர் செல்லமுத்துவைப் பார்க்கப் போகவே இல்லை. மறுநாள் போலீஸ் ஜீப்தான் போனது. மூன்றாம் நாள் விட்டார்கள். இரண்டு பேர் தாங்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. மூத்திரத்தில் ரத்தம் போயிற்று. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவன் மனைவி சின்னப்பொண்ணு அலுவலகத்துக்கு வந்தாள். விஜயலட்சுமி எழுந்து நின்றாள்.

"பேரு சொன்னது நான்தான், சின்னப்பொண்ணு."

"தெரியும்மா. ஜீப்புல ஏத்தும்போதே சொல்லிட்டாங்க, உங்க ஆபீஸம்மாதான் சொல்லிச்சின்னு. அவருதான் நம்பல. சாவற வரைக்கும் நம்பல." முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "பண்ணைல வேல இருந்தா குடுங்க. ரோட்டு வேல வாணாம்."

ஜனவரியில் செக் வந்தது. போன வருஷத்தைவிட ஜாஸ்தி.

மாசியில் வந்தபோது, இந்தமுறை நாற்றுப்பண்ணைப் பெண்களுக்குத் தம் கையாலேயே சேலை கொடுக்கவேண்டும் என்றார் தெய்வசிகாமணி. கூலியோடு லீவு எடுத்துக்கொள் என்று விஜயலட்சுமி முதல்நாளே சின்னப்பொண்ணுவிடம் சொல்லியிருந்தாள். ஆனாலும் அவள் வந்திருந்தாள். வரிசையில் நாலாவதாக நின்றாள்.

சேலையை நீட்டியபடி எல்லாரிடமும் கேட்டதையே அவளிடமும் கேட்டார். "வூட்டுக்காரரு என்ன பண்றாரு?"

"செத்துட்டாருங்க. மரத்துக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தாரு, ஆறு வருசம்."

"எந்த மரத்துக்கு?"

"உங்க மரத்துக்குத்தாங்க. செல்லமுத்துன்னு பேரு."

அவர் கை நீட்டியது நீட்டியபடி நின்றது. சின்னப்பொண்ணு அதிலிருந்து சேலையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நகர்ந்தாள். பின்னால் நின்றவள் முன்னே வந்தாள்.

காரில் இருவரும் திரும்பினார்கள். அடிக்கட்டைகளைத் தாண்டியதும் அவர் கேட்டார்.

"தண்ணி ஊத்துனவனே அவன்தான்னு அன்னைக்கு ஏன் சொல்லல?"

"நீங்க பேரு மட்டும்தான் கேட்டீங்க, ஐயா."

சொன்ன உடனே அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இத்தனை நடந்த பிறகும் நழுவுகிற பதில்தான் வாயில் வருகிறது. இவ்வளவு வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

தெய்வசிகாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியல" என்றார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. அடுத்த வருஷம் செக் மட்டும், கடிதம் எதுவும் இல்லாமல், தபாலில் வந்தது. அதற்கடுத்த வருஷம் அதுவும் இல்லை. அவள் எழுதிய நாலு கடிதத்துக்கும் பதில் வரவில்லை. மலைக்காவலர்கள் ஒவ்வொருவராக வேறு பிழைப்புத் தேடிக் கிளம்பினார்கள். அந்தப் பங்குனியில் மலைச்சரிவில் தீப்பிடித்து மூன்று நாள் எரிந்தது. அணைக்க நாலு பேர்தான் இருந்தார்கள். வைகாசியில் பண்ணையை மூடினார்கள்.

சின்னப்பொண்ணு மகளைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினாள். விஜயலட்சுமி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். சின்னப்பொண்ணு மூட்டையோடு முன்னால் ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டாள். மகள் தமிழ்மொழி மட்டும் படியில் நின்றாள். பெயரைச் சொன்னது யார் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அப்பா போனப்பறம் அம்மாவுக்கு நீங்கதான் வேல போட்டுக் குடுத்தீங்க. மறக்க மாட்டம்மா" என்று அந்தப் பெண் கைகூப்பினாள்.