மாப்பிள்ளையின் குளிரறை

நாபில் ஊரைத் தாண்டி, கடலுக்குப் போகும் சாலையில் இருந்தது ஹாஜி முன்ஜியின் ஆலை. கோடையில் தக்காளி விழுது, அது முடிந்ததும் மிளகாய் அரைத்து ஹரிஸ்ஸா என்ற கார விழுது. இவ்வளவு பெரிய ஆலையில் ஏசி வைத்த அறை ஒன்றே ஒன்றுதான். அதில் மனிதர்கள் யாரும் வேலை செய்யவில்லை. மிளகாய்க் காம்பு கிள்ளிக் கிள்ளி விரலெல்லாம் எரியும் பெண்களுக்குத் தகரக் கூரையும் இரண்டு மின்விசிறியும் போதும் என்று விட்டிருந்தார்கள். குளிர் முழுவதும் சர்வருக்கு. கொள்முதல், இருப்பு, சம்பளம், ஏற்றுமதி என்று ஆலையை நடத்துகிற மென்பொருள் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் குடியிருந்தது. அறைச் சாவி, ஹாஜியின் மாப்பிள்ளை லஸ்அதின் சட்டைப்பையில்.

லஸ்அதை எல்லாரும் 'எஞ்சினியர்' என்று கூப்பிட வேண்டும். இது அவனே போட்ட உத்தரவு. ஆலை மேலாளர் ரவ்தா மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டிய இடம் வந்தால் இருமிவிடுவாள். அவனுக்கு என்ன வேலை என்று அவளுக்கு இதுவரை பிடிபடவில்லை. மென்பொருள் நின்றால் உள்ளே போவான், கதவைச் சாத்திக்கொள்வான், பெட்டியை அணைத்துத் திரும்பப் போடுவான், நெற்றியைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவான். ஏசி அறையிலிருந்து வருகிறவனுக்கு வியர்வை எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளை முறுக்கு அப்படி.

தக்காளி வரத்து தொடங்குவதற்கு முன்னால், தலைநகர் தூனிஸிலிருந்து காஸி என்ற விற்பனைக்காரன் வந்தான். கூரான காலணி, பளபளக்கும் மடிக்கணினி. எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிடுங்கள் என்றான்.

"கிளவுடுன்னா மேகம்தானே? மேகம் கலைஞ்சு போச்சுன்னா நம்ம சரக்கு கடல்ல போய் பெய்யுமா?" என்றான் லஸ்அத். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். மாமனாரும் சேர்ந்து சிரித்தார்.

ரவ்தாவுக்கு அந்த விற்பனைக்காரனையும் பிடிக்கவில்லை. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் அவனிடம் கேட்க அவளிடம் கேள்விகள் இருந்தன.

"தம்பி, அலங்காரமெல்லாம் வேணாம். நெட் போயிடுச்சுன்னா எடைமேடையில நிக்கற லாரிய என்ன பண்றது?"

"எடைமேடைக் கணினியே பதிஞ்சு வச்சிக்கும் மேடம். நெட் வந்ததும் தானா அனுப்பிடும். அதுவரைக்கும் போன் சிக்னல்லயும் ஓட்டலாம்."

"மெஷின் கெட்டுப்போனா?"

"உங்க கிட்ட கெட்டுப்போக மெஷினே இருக்காதே. வேற வேற ஊர்ல ரெண்டு நகல் இருக்கும். பாத்துக்கறது எங்க ஆளுங்க வேலை. உங்களுக்குத் தேவை ஒரு போனோ கணினியோ, அவ்ளோதான்."

"நாளைக்கு உங்கள வேணாம்னு சொன்னா எங்க விவரத்தைத் திருப்பிக் குடுப்பீங்களா?"

அவன் முதல்முறையாக ஒப்பிப்பதை நிறுத்தினான். "குடுப்போம். ஒப்பந்தத்துல எழுதிக் கேளுங்க. எழுதாம யாரையும் நம்பாதீங்க, எங்களையும் சேர்த்துத்தான்."

அந்த ஒரு பதிலுக்காக ரவ்தா அவனுக்கு இன்னொரு கோப்பை தேநீர் கொண்டுவரச் சொன்னாள்.

ஹாஜி தலையாட்டி மறுத்தார். "என் வீட்டு ரகசியத்தை ஊரான் வீட்டுல கொண்டுபோய் வைக்கச் சொல்றியா ரவ்தா?"

"இப்ப மட்டும் உங்க வீட்டுலயா ஹாஜி இருக்கு? உங்க மாப்பிள்ளை சட்டைப்பையிலல்ல இருக்கு."

லஸ்அதின் முகம் சிவந்தது. "மாமா, இந்தம்மாவுக்குக் கம்ப்யூட்டர் பத்தி என்ன தெரியும்? நம்ம சர்வர் கோட்டை மாதிரி. தினமும் நகல் எடுக்கறேன். கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும்."

காஸியைக் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வாரக் கடைசியில் லஸ்அத் குடும்பத்தோடு ஹம்மாமத் கடற்கரைக்குப் போயிருந்தான், சாவியும் கூடப் போயிருந்தது. ஞாயிறன்று மின்சாரம் போய்ப் போய் வந்தது. காலையில் ரவ்தா வந்தபோது வாசலில் லாரிகள் சாலைவரை நின்றன. எடைமேடைத் திரை கறுப்பாகக் கிடந்தது. அடியில் நசுங்கிய தக்காளியின் சாறு லாரிகளிலிருந்து சொட்டி, ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது.

கோர்பாவிலிருந்து தானே லாரி ஓட்டி வந்த முபாரக்கா என்ற விவசாயி, இடுப்பில் கைவைத்தபடி வந்து நின்றாள். "என்னக்கா, என் தக்காளிய ஆலையிலயே ஊறுகாய் போடப் போறீங்களா?"

"எடைய கையால எழுதி இறக்கறேன். கத்தாத."

"கத்தலையே. வெயில்ல நிக்கற தக்காளிதான் கத்துது."

சர்வர் அறைப் பூட்டை உடைக்கச் சொன்னாள் ரவ்தா. ஹாஜி ஓடிவந்து வேண்டாம் என்றார், பிறகு லாரி வரிசையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். கதவு திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஏசி நின்றிருந்தது. சர்வரும் கருகிய வாசனையோடு செத்துக் கிடந்தது. ஆனால் மூலையில் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. சின்னதாக ஒரு குளிர்சாதனப் பெட்டி. மின்சாரம் போனால் சர்வரைத் தாங்க வேண்டிய பேட்டரியில் அதைச் சொருகி வைத்திருந்தான் மாப்பிள்ளை. சர்வரின் கம்பி பக்கத்துச் சுவரில் நேராகச் சொருகியிருந்தது.

ரவ்தா அதைத் திறந்தாள். தர்பூசணித் துண்டுகள், வரிசையாக எலுமிச்சைச் சோடா. ஒரு சோடாவை எடுத்து உடைத்து ஹாஜியின் கையில் கொடுத்தாள்.

"குடிங்க ஹாஜி. இன்னிக்கு நம்ம கம்பெனில ஓடுற ஒரே மெஷின் இதுதான்."

அவர் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

போனில் லஸ்அத் கடல் காற்றுக்கு மேல் கத்தினான். "நகல் இருக்கு மாமா, பயப்படாதீங்க, மேசை இழுப்பறையில சின்ன டிஸ்க் இருக்கு, அதுல எல்லாமே இருக்கு."

அலுவலகக் கணினியில் டிஸ்கைச் சொருகினார்கள். எல்லாமே இருக்கத்தான் செய்தது. லஸ்அதின் தங்கை கல்யாணம், மருதாணி இரவு, தர்புக்கா மேள வாசிப்பு, லஸ்அத் தோளைக் குலுக்கி ஆடிய ஆட்டம். இடம் போதாமல் கம்பெனி நகலை அவன் குளிர்காலத்திலேயே அழித்திருந்தான். மேளச் சத்தம் கேட்டு ஆலைப் பெண்கள் கதவருகே கூடிவிட்டார்கள்.

"நம்ம எஞ்சினியர் நல்லாத்தான் ஆடறாரு," என்றாள் தலந்தா, அவர்களிலேயே வாய்த் துடுக்கானவள். "இதையாவது ஏத்துமதி பண்ணலாம்."

ரவ்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பல லாரித் தக்காளி புளித்தது. ஏற்றுமதித் தாள்கள் கிடைக்காமல் மார்செய் துறைமுகத்துக்கான கப்பல் இவர்கள் சரக்கு இல்லாமலே போய்விட்டது. சாயங்காலம் ஹாஜி தன் நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருந்தார்.

"ஏன் ரவ்தா, அந்தக் கிளவுடு பையன் மறுபடி வருவானா?"

"வருவான். ஆனா ஒப்பந்தத்த நான்தான் படிப்பேன். மாப்பிள்ளை கிட்ட காட்டப்படாது."

அச்சடித்த ரசீதுகளை அடுக்கி, பழைய கணக்கையெல்லாம் திரும்ப ஏற்றுவதற்குள் இலையுதிர்காலம் வந்துவிட்டது. கிளவுடுக்கு மாறிய பிறகு பெரிய அதிசயம் ஏதும் நிகழவில்லை. அதுதான் அதன் அழகு என்று ரவ்தா நினைத்தாள். எடை போட்டதும் முபாரக்காவின் போனுக்கு ரசீது போயிற்று. கிடங்கில் என்ன இருக்கிறது என்பதை ஸூஸ் ஊர்க் கிளைக்காரன் அங்கிருந்தே பார்த்துக்கொண்டான், போன் போட்டு அவள் பிராணனை வாங்குவதை நிறுத்தினான். யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுத்தபோது, லஸ்அதுக்கு அவனுடைய விடுப்புக் கணக்கை மட்டும் திறந்துவிட்டாள். காலியான ஏசி அறையில் பெஞ்சுகள் போட்டு, பெண்களின் ஓய்வறை ஆக்கினாள். யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு பெருமழை கொட்டி நாபில் தெருக்களில் ஆறு ஓடியது. அலுவலகத்தில் முழங்காலளவு தண்ணீர். ரவ்தா கெலிபியாவில் தங்கை வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டாள். மடியில் குஸ்குஸ் தட்டு, கையில் போன். ஸூஸ் கிடங்கிலிருந்து சரக்கைத் திருப்பிவிட்டு, கப்பல் தாள்களை அனுப்பி, சம்பளத்தையும் போட்டுவிட்டாள். ஒரு பதிவுகூட நனையவில்லை.

வசந்தத்தில் வணிகர் சங்கக் கூட்டத்தில் 'மேகத்துக்கு மாறிய ஆலை' என்று ஹாஜியின் ஆலையைப் பாராட்டினார்கள். மேடையேறிப் பேசியவன் லஸ்அத். புதுக் கோட்டு. "தொலைநோக்கு வேணும் நண்பர்களே. பழைய சர்வரைத் தூக்கிப் போடற துணிச்சல் எனக்கு இருந்துச்சு," என்றான்.

தூக்கிப் போடுவதற்கு முன் அதைச் சுட்டுப் பொசுக்கிய துணிச்சலும் அவனுடையதுதான் என்று ரவ்தா நினைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஹாஜி நெளிந்தார். "மக முகத்துக்காகப் பொறுத்துக்க ரவ்தா."

"நான் பொறுத்துக்கறேன் ஹாஜி. நீங்க கை தட்டுங்க, எல்லாரும் தட்டறாங்க."

தேநீர் இடைவேளையில் லஸ்அதைச் சுற்றிக் கூட்டம். அந்தக் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு ஒரு பெண் நேரே ரவ்தாவிடம் வந்தாள். கெலிபியா மத்தி மீன் ஆலையை நடத்துகிறவளாம்.

"அந்தாளு பேசினது ஒண்ணும் வெளங்கல. நிஜத்தச் சொல்லுங்க, இது வேலைக்காகுமா?"

"ஆகும். ஒப்பந்தத்த மட்டும் வரி விடாம படிக்கணும். உங்க சர்வர இப்ப யாரு பாத்துக்கறா?"

"என் கொழுந்தன்."

ரவ்தா தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க," என்றாள்.