இடது காலுக்கு இடமில்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் திலீபன் தூங்கிவிடுவான். அவனுடைய இடது கால் தூங்காது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி சுருளியம்மாளின் கெண்டைக்காலை அது மெல்ல அழுத்தும், பாதி வரைக்கும் போய் அங்கேயே நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

"மேடு ஏறியாச்சா, இன்னும் இருக்கா?" என்று அவள் கேட்பாள். அவன் விழித்துக்கொண்டு காலை மடக்கிக்கொள்வான்.

ஏழு வருடம் அவன் கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவன். அந்த ஜீப்புகளில் முன்னிருக்கையில் டிரைவரோடு சேர்த்து நான்கு பேர் உட்கார வேண்டும். டிரைவரின் வலது தொடை பாதி வண்டிக்கு வெளியே காற்றில் இருக்கும். இடது முழங்காலைப் பக்கத்துப் பெண்ணின் முழங்காலும் அவளுடைய தூக்குச்சட்டியும் நெருக்கும். கிளட்ச் பெடலுக்கு அந்தப் பக்கம் பாதத்தை இறக்கி வைக்க ஒரு சாண் இடம் கிடையாது. அதனால் கால் பெடலின் மேலேயே கிடக்கும். மேட்டில் ஆள் ஏற்ற நின்றால் ஹேண்ட் பிரேக்கை யாரும் தேடுவதில்லை. அதன் மேலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பெடலைப் பாதி மிதித்தபடி அரை கிளட்சில் வண்டியை அந்தரத்தில் பிடித்து வைத்துக்கொண்டே வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொள்கிற டிரைவர்கள் உண்டு. ஜீப் முதலாளிகள் அதைக் குற்றமாக எண்ணுவதில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

தேனி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஜெபராணி அம்மாளின் வெள்ளை மாருதிக்கு டிரைவர் தேவை என்று கேள்விப்பட்டு, இரண்டாயிரத்து நான்காம் வருடம் அவன் போய் நின்றான்.

"மூணு மாசம் பாக்கிறேன்," என்றார் அவர். "பிடிச்சா நிரந்தரம். முந்தி இருந்த சுருளியாண்டி நல்ல மனுசன்தான். ஆனா கிளட்ச்சத் தின்னுட்டாரு. அத மட்டும் நீ செய்யாத."

முதல் நாள் அந்த இருக்கையில் முழு உடம்போடு உட்கார்ந்தபோது திலீபனுக்கு நம்ப முடியவில்லை. இரண்டு தொடைகளும் உள்ளே இருந்தன. வீரபாண்டியைத் தாண்டியதும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீண்டு கிடந்த சாலை அவனுக்கு அகலமான ஓர் ஆறு மாதிரி தெரிந்தது. இப்படியே மிதந்து போனால் பேர் தெரியாத ஏதோ ஒரு துறைமுகத்தில் போய் இறங்கலாம் என்று தோன்றியது. சுருளியம்மாள் அல்லிநகரத்தில் ஒற்றை அறை வீடு பார்த்தாள். எட்டு மணிக்கு வேலைக்குப் போய் விளக்கு வைக்கும் முன் வீடு திரும்பும் புருஷனைப் பற்றி அவள் தன் அக்காளிடமும் பெரியம்மாவிடமும் ஏற்கெனவே சொல்லிப் பெருமைப்பட்டாயிற்று. மறுபடி கம்பமெட்டு ஜீப்புக்குப் போவதை இருவருமே நினைக்க விரும்பவில்லை.

ஆனால் காலுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இவன் மனசு சாலையில் இருக்கும்போது அது பூனை மாதிரி எழுந்து பெடலின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. லேசான கனம்தான். அந்த லேசான கனத்தில் பிளேட் முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே ஓடும் என்பது அவனுக்குத் தெரியும். சுருளியம்மாள் ஒரு யோசனை சொன்னாள். அதன்படி பலாத்தோலை வெட்டி முள் மேலே வரும்படி பெடலில் கட்டினான். இரண்டு நாள் குத்தியது. மூன்றாம் நாள் பாதம் பழகிக்கொண்டது.

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம், உத்தமபாளையம் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது இன்ஜின் சத்தம் மட்டும் மேலே போனது, வண்டி போகவில்லை. ஒரு நொடிதான். பிறகு பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்த ஜெபராணி அம்மாள் சரக்குப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வண்டியை முத்துவீரன் பட்டறைக்குக் கொண்டுபோனான். முத்துவீரன் இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"நாலு மாசத்துக்கு முந்தி என் கையால புதுசு போட்டது. நீ ஓட்டுனியா மாப்ள, இல்ல மென்னு துப்புனியா?"

"சனிக்கிழமையோட மூணு மாசம் முடியுது. அதுவரைக்கும் தாங்குமா?"

"மேடு ஏறலைன்னா தாங்கும்." முத்துவீரன் கையைத் துடைத்துக்கொண்டான். "அம்மா கேட்டாகன்னா, பழைய டிரைவரு, பிளேட்டு ஒட்டி ஓடுற ஃப்ளைவீல எரிச்சு வச்சுட்டாரு, அதான் புது பிளேட்டையும் அரிக்குதுன்னு சொல்லு. என்னையக் கேட்டாலும் அதையே சொல்றேன்."

"சுருளியாண்டி அண்ணன் மேலயா போடச் சொல்ற?"

"அவரு இங்கனயா இருக்காரு? ஜீப்புக்கே போயிட்டாருல்ல. காதுலயா விழப்போகுது?"

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஜெபராணி அம்மாள் காரில் ஏறி, "வண்டன்மேட்டுக்குப் போ. பத்து மணி ஏலம். சரக்க நானே கையில எடுத்துப் பாக்கணும்," என்றார்.

அது கம்பமெட்டு ஏற்றம். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான்; "சரிங்கம்மா" என்றுதான் வந்தது. சின்னமனூர் வரை இன்றைக்கு மழை வந்து பாதை அடைபடக் கூடாதா என்று நினைத்தான். உத்தமபாளையத்தில் ஏலம் தள்ளிப்போனதாகப் போன் வரும் என்று நினைத்தான். கம்பத்தில் எதையும் நினைக்காமல் காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டினான். மலைப்பாதையின் முதல் வளைவுகள் ஏறின. ஐந்தாவதில் இன்ஜின் அலறியது. எட்டாவதில் கருகல் வாடை உள்ளே வந்தது. ஒன்பதாவது வளைவில் வண்டி பெருமூச்சு விட்ட மாதிரி நின்றது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான். அவன் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

"என்ன வாடை இது?"

"கிளட்ச்சுங்கம்மா." கல்லைக் காலால் அழுத்தி வைத்தான். "பழைய டிரைவரு ஃப்ளைவீல எரிச்சு வச்சிருக்காரு. அதான் புது பிளேட்டையும் அரிச்சிருச்சு."

ஜெபராணி அம்மாள் அவனைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கீழேயிருந்து ஒரு ஜீப் முனகிக்கொண்டு வந்தது. பின்னால் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாதி வெளியே தொங்கியபடி ஓட்டி வந்தவர் சுருளியாண்டி.

"ஏலே திலீபா," முன்பு அவன் ஜீப்பில் வேலைக்குப் போய்வந்த சண்முகத்தாய் முன்னிருக்கையிலிருந்து குரல் கொடுத்தாள். "காருக்குப் போனவன் நடுரோட்டுல நிக்கிற. எங்க சாபமா?"

"சும்மா இரு ஆத்தா," என்றார் சுருளியாண்டி. மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தார். கிளட்ச் ஏன் கருகியது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று திலீபனுக்குப் புரிந்தது. "அம்மா, வாங்க. ஏலத்துக்கா? ஒம்பதரைக்குள்ள விட்டுர்றேன். சண்முகத்தாயி, பின்னால போ."

ஜெபராணி அம்மாள் சுருளியாண்டிக்குப் பக்கத்தில், மற்ற இரண்டு பெண்களை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜீப் போய்விட்டது.

திலீபனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வளைவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். இந்நேரம் அம்மா கேட்டிருப்பார். ஃப்ளைவீலை எரித்தாயா என்று கேட்டிருப்பார். அண்ணன் என்ன சொல்லியிருப்பார்? பனி இறங்கிப் பள்ளத்தாக்கை மூடியது, விலகியது, கீழே கம்பத்து வயல்கள் பச்சைத் துண்டுகளாகத் தெரிந்தன, மறுபடி மூடியது. காருக்குள் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால் இடது கால் பெடலின் மேல் இருந்தது. வண்டி நிற்கிறது, இன்ஜின் அணைந்திருக்கிறது, அப்படியும். எடுத்துக் கீழே வைத்தான். மத்தியானத்துக்குள் ஏழு முறை எடுத்து வைத்திருந்தான். பசித்தது. ஆனாலும் எழுந்து போய்ச் சாப்பிடத் தோன்றவில்லை.

நாலரை மணிக்கு ஜீப் இறங்கி வந்தது. பெண்கள் குதித்து இறங்கி, கேலி பேசிக்கொண்டே காரைத் தள்ளிக் கீழ்முகமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"பிளேட்டு ஆறிருக்கும், கொஞ்சம் பிடிக்கும். செகண்ட் கியர்லயே இறக்கு," என்றார் சுருளியாண்டி. "நான் முன்னால மெதுவாப் போறேன். பிரேக்கு காலை வாரிடுச்சுன்னா என் வண்டி மேல முட்டிக்க. பள்ளத்துக்குப் போயிராத."

"பின்னால உக்காந்திருக்கிறது நாங்கல்ல?" என்றாள் சண்முகத்தாய். "உனக்கென்ன, சொல்லுவ."

ஜெபராணி அம்மாள் பின்னால் ஏறவில்லை. முன்கதவைத் திறந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு திலீபனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் இறங்கத் தொடங்கியது. முன்னால் ஜீப்பின் பின்பலகையில் பெண்களின் கால்கள் வரிசையாக ஆடின. தன்னைத் தாங்குவதற்காக முன்னால் போகிற அந்த வண்டியைப் பார்த்தபடியே திலீபன் ஓட்டினான். ஆறாவது வளைவில் அவன் சொல்லிவிட்டான்.

"அண்ணன் மேல தப்பில்லைங்கம்மா. என் காலுதான். பெடல்லயே கெடக்கு. எடுத்து வச்சாலும் போயிருது."

"தெரியும். காலையில சின்னமனூர் வர்றதுக்குள்ளயே எட்டிப் பாத்தேன்."

அவன் திரும்பவில்லை. வளைவை ஒடித்தான்.

"இந்த ஃப்ளைவீலு கதைய நான் ரெண்டாவது தடவை கேக்கிறேன். சுருளியாண்டியும் தனக்கு முந்தி இருந்தவர் மேல இதையேதான் சொன்னாரு. கிளட்ச்சுக்காக நான் அனுப்பல, இந்தப் பொய்க்காகத்தான் அனுப்பினேன்." முன்னால் போன ஜீப்பைக் கைகாட்டினார். "இன்னைக்கு அவரு பக்கத்துல உக்காந்தேன்ல. கால வைக்க எடமில்ல. என் முழங்காலுதான் அவரு காலப் பெடல் மேல தள்ளிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு வருசம் எங்கிட்ட ஓட்டுன மனுசன். ஏன்யா இப்படி ஆகுதுன்னு ஒரு நாளும் கேக்கல நான்."

"நான் சொன்னத அவருகிட்ட..."

"அது உன் வேலை. நான் ஏன் சொல்லணும்?"

கம்பத்தில் ஜீப் ஓரமாக நின்றது. பெண்கள் இறங்கிக் கலைந்தார்கள். திலீபன் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போனான். சொன்னான். சுருளியாண்டி கேட்டுக்கொண்டே முன்கண்ணாடியைத் துடைத்தார்.

"முத்துவீரன் சொல்லிக்குடுத்ததா?"

"ஆமாண்ணே."

"எனக்கும் அவன்தான் குடுத்தான். வேற கதையே தெரியாது போல அந்தப் பயலுக்கு." துணியை உதறினார். "அம்மா என்னையத் திரும்ப வரச் சொன்னாக."

திலீபனின் கண்முன்னே அல்லிநகரத்து ஒற்றை அறை, வாசலில் சுருளியம்மாள், எல்லாம் ஒரு தடவை வந்து போயின. "நீங்க போங்கண்ணே. உங்களுக்குத்தான் முறை," என்றான். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

"முடியாதுன்னுட்டேன்லே. அங்கன உக்காந்தா நாள் முழுக்க என் காலையே நான் பாக்கணும். இங்கன யாரு பாக்கா?" சுருளியாண்டி ஏறி, வலது தொடையை வெளியே போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோதும் அப்படித்தான் உட்கார்ந்தார். ஜீப் போனது.

திலீபன் காருக்குத் திரும்பினான். ஜெபராணி அம்மாள் முன்னிருக்கையிலேயே இருந்தார்.

"இங்கிருந்து தேனிக்கு மேடு பெருசா இருக்கா?"

"உத்தமபாளையத்துல ஒண்ணு இருக்குங்கம்மா. மெதுவாப் போனா ஏறிரும்."

"அப்ப போ. வண்டிய முத்துவீரன்கிட்ட விடு. சனிக்கிழமை கணக்கெல்லாம் இப்ப வேண்டாம், இன்னும் மூணு மாசம் பாக்கலாம். நான் இனிமே முன்னாலதான் உக்காருவேன்."

அவன் வண்டியை எடுத்து, கியர் மாற்றி, காலைப் பெடலுக்கு இடப்பக்கம் இறக்கி வைத்தான். அங்கே தாராளமாக இடம் இருந்தது. உத்தமபாளையம் ஏற்றத்தில் வண்டி திணறி ஏறியபோதுகூடக் கால் அங்கேயேதான் இருந்தது, நடுங்கிக்கொண்டு. சின்னமனூரைத் தாண்டினார்கள். வயல்களின் மேல் வெயில் சாய்ந்திருந்தது. அவனுக்கு மனசு லேசானது. சாலை மறுபடி ஆறாகத் தொடங்கியது.

அவனுடைய இடது முழங்காலில் குடையின் நுனி ஒரு தட்டுத் தட்டியது.

"காலு," என்றார் ஜெபராணி அம்மாள்.