வேனில் ஏறமாட்டேன்

அண்ணன் போட்ட நிபந்தனை இதுதான்: கணவாயின் உச்சியைத் தொடுவதற்குள் ஒரு தடவை வேனில் ஏறினாலும் நான் சைக்கிளை விற்றுவிட வேண்டும். எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டாகிறது. டாக்டரே ஓட்டலாம் என்றுவிட்டார், அண்ணனுக்குத்தான் மனசு வரவில்லை. எங்கள் சைக்கிள் குழுவின் வேனை ஓட்டுகிறவன் வேறு அவன். பின்சீட்டில் எனக்கென்று ஒரு தலையணை போட்டு வைத்திருந்தான். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

மொத்தம் பதினெட்டு வளைவுகள். ஆறாவதிலேயே மற்ற எட்டுப் பேரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். இதற்குமேல் குறைக்கக் கியர் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் தினமும் நூறு பேருக்கு நரம்பைத் தேடி ஊசி குத்துகிறவள் நான். அன்று என் நெற்றி நரம்பைத் தேடவே வேண்டியிருக்காது. வேன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஏறு," என்றான் அண்ணன், ஜன்னலில் தலையை நீட்டி.

"ஏறிட்டுதானே இருக்கேன்!"

"வேன்ல ஏறுன்னு சொல்றேன்."

"அதுக்கு வேற ஆளைப் பாரு."

பதினான்காவது வளைவில் சைக்கிள் நின்றேவிட்டது. காலை ஊன்றினேன். பின்னால் வேன் கதவு திறக்கும் சத்தம். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது, ஆத்திரம் முந்திக்கொண்டது. இறங்கித் தள்ள ஆரம்பித்தேன்.

"இறங்கிட்டே. தோத்துட்டே."

"வேன்ல ஏறினாதான்னு சொன்னே. தள்ளக்கூடாதுன்னு சொன்னியா? அதெல்லாம் அப்பவே யோசிச்சிருக்கணும்."

இரண்டு வளைவு தள்ளினேன், கடைசி இரண்டை மிதித்தேன். உச்சியில் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் மல்லாந்துவிட்டேன். அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்தே செத்துட்டேன்."

"தெரியும்ணா. உன் பயத்துக்கு என் காலை ஏன் கட்டிப்போடறே?"

என் சைக்கிளின் பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "இறக்கத்துக்காவது வேன்ல வாயேன்," என்றான்.

ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினாலும், அந்த வளைவுகளில் வேனால் சைக்கிளை எட்ட முடியாது. மேலே எங்கோ ஹாரன் கேட்டது. அடிக்கட்டும்.

அடிவாரத்தில் அரைமணி நேரம் காத்திருந்தேன். வேனைக் காணோம். அவனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்வேனா என்ன!