மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

எங்கள் சலவை ஆலையின் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆஸ்பத்திரியிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வரும் அழுக்குத் துணி. அந்தப் பக்கம் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட துணி. கோட்டைத் தாண்ட வேண்டுமானால் வெளியில் போட்டு நடந்ததைக் கழற்றிவிட்டு, அங்கே அடுக்கி வைத்திருக்கும் வெள்ளை ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். முப்பத்தாறு பேரும் மாட்டுவோம். அண்ணன் மட்டும் ஷூவோடு வருவார். முதலாளியின் ஷூவில் அழுக்கு ஒட்டாது என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

அண்ணன் என்றால் என் கூடப்பிறந்த அண்ணன். துவைக்கும் தளம் பதினான்கு வருடமாக என் பொறுப்பு. பொறுப்பு என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். சோப்புத் தூளை ஒரு கரண்டி கூட்டிப் போடக்கூட அவரைக் கேட்க வேண்டும். லீவுக்கு அண்ணன், வேனுக்கு டயர் மாற்ற அண்ணன், கழிப்பறைக் குழாய் ஒழுகினால் அதற்கும் அண்ணன். அவருடைய செல்போன் சூடு ஆறி நான் பார்த்ததில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டல், தன் சலவைப் பிரிவுக்கு மேலாளராக வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டது. மறைக்காமல் அண்ணனிடம் சொன்னேன்.

"இங்க உனக்கு என்ன குறை பாப்பா?" என்றார்.

"எனக்கு நாப்பத்தோரு வயசு ஆகுதுண்ணே. இன்னும் சோப்புக்கு உங்ககிட்ட பர்மிஷன் கேட்டுக்கிட்டு நிக்கறேன். இதான் குறை."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நிர்வாக ஆலோசகர் ஒருவரைக் கூட்டி வந்துவிட்டார். நான் ஹோட்டலிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன்.

வந்தவர் வாயைத் திறந்தாலே பலகையில் அம்பு போடுவார். அதனால் அவருக்கு அம்புக்குறி என்றே பெயர் வைத்துவிட்டோம். எல்லோரையும் உட்கார வைத்து, "இப்ப உங்ககிட்ட இருக்கறது நேர்கோட்டு அமைப்பு. எல்லாக் கோடும் ஒருத்தர்கிட்ட போய் முடியுது" என்றார். அண்ணன் தன்னைப் புகழ்ந்துவிட்டதாக நினைத்துச் சிரித்தார்.

வாடிக்கையாளர் வாரியாகப் பிரிக்கலாம் என்றார் அம்புக்குறி. ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரிவு, ஹோட்டல்களுக்கு ஒரு பிரிவு. அப்படியானால் துவைக்கும் இயந்திரங்களையும் இரண்டு செட் வாங்க வேண்டும், அது ஆகாது. இன்னொன்று மேட்ரிக்ஸ், ஒவ்வொருவருக்கும் இரண்டு மேலதிகாரிகள் என்றார். "இருக்கற ஒருத்தரையே தாங்க முடியல சார்" என்று பின்வரிசையிலிருந்து இஸ்திரி அக்கா சொன்னதும் கூட்டம் கலகலத்துவிட்டது. அண்ணனுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

கடைசியில் வேலை வாரியாகப் பிரித்தார்கள். துவைப்பது நான். வேன்களும் டெலிவரியும் அத்தான், அதாவது எங்கள் அக்காவின் வீட்டுக்காரர். பழுது பார்ப்பது மெக்கானிக். மூன்று கட்டங்கள், மேலே அண்ணனுக்கு ஒரு கட்டம். வீட்டில் அத்தான் வந்தால் அண்ணனே எழுந்து நிற்பார். அப்படிப்பட்ட மனிதருக்கும் எனக்கும் ஒரே உயரத்தில் கட்டமா? அத்தான் ஸ்கேலை வைத்து அளந்தே பார்த்தார். ஒரே அளவுதான்.

படத்தை ஃபிரேம் போட்டு அண்ணன் அறையில் மாட்டினார்கள். என் கட்டத்துக்குக் கீழே, 'இயந்திரத்தை ஓட்டுவதும் நிறுத்துவதும் இவர் முடிவு' என்று அச்சில் இருந்தது. அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஹோட்டலுக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை.

மூன்றாவது வாரம், தெருவில் எங்கோ குழாய் தோண்டினார்கள். காலை பத்தரைக்கு எங்கள் தண்ணீர் செம்பழுப்பாக வந்தது, முழுக்கத் துரு. துருத்தண்ணீரில் ப்ளீச்சும் சேர்ந்தால் கறை துணியை விட்டுப் போகவே போகாது. எல்லா இயந்திரத்தையும் நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் தெளிய இரண்டு மணி நேரம் ஆகும் என்று அத்தானிடமும் சொல்லிவிட்டு, மொட்டை மாடித் தொட்டியைப் பார்க்கப் போனேன்.

அத்தானுக்கு வேன்கள் சும்மா நிற்பது பொறுக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வெளியூரில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் நேரே இயந்திரம் ஓட்டுகிறவருக்குப் போன் போட்டு, "ஓட்டுப்பா" என்றார். பன்னிரண்டு வருடமாகக் கேட்டுப் பழகிய குரல். அவர் பொத்தானை அழுத்திவிட்டார்.

தொட்டியைக் கழுவிவிட்டு நான் இறங்கி வருவதற்குள் இருநூற்று எண்பது படுக்கை விரிப்புகள் டீயில் நனைத்தது போல வெளியே வந்திருந்தன. அன்று ஆஸ்பத்திரிக்குப் பாதித் துணிதான் போனது. மாலையே அவர்களிடமிருந்து கண்டிப்பான கடிதம் வந்தது.

மறுநாள் அண்ணன் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். "துவைக்கறது உன் கட்டம். விளக்கம் நீதான் எழுதணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நின்றபடியே எழுதினேன்: 'பத்தரைக்கு நிறுத்தினேன். பத்தே முக்காலுக்கு முதலாளி ஓட்டச் சொல்லியிருக்கிறார். என்னிடம் யாரும் கேட்கவில்லை.' கீழே, 'விசாரிக்க வேண்டிய மேலதிகாரி' என்று ஒரு இடம் இருந்தது. அதை மட்டும் காலியாக விட்டேன்.

"இது ஏன் காலியா இருக்கு?"

"ஓட்டச் சொன்னது நீங்க. உங்கள யாரு விசாரிக்கறது? படத்தப் பாருங்கண்ணே. உங்க தலைக்கு மேல ஆணி மட்டுந்தான் இருக்கு."

அண்ணன் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேன் நிக்குதுன்னு அத்தான் சொன்னாரு. நான் அவசரத்துல..."

"நாளைக்கு பத்து மணிக்கு ஹோட்டல்காரங்க போன் பண்ணுவாங்க. நான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அழுகை வந்தது. இஸ்திரி நீராவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அங்கே எல்லோர் முகமும் ஈரமாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஒன்பதரைக்கு அண்ணன் தளத்துக்கு வந்தார். மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றுவிட்டார். ஏதோ விழுந்து கிடக்கிறதோ என்று தரையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"உள்ள வரலாமா?" என்றார்.

துணி மடித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. நான் விடவில்லை.

"ஷூவக் கழட்டிட்டு வாங்க."

தொப்பை இடிக்கக் குனிந்து, மூச்சு வாங்க நாடாவை அவிழ்த்தார். ஒரு காலுறையில் கட்டை விரல் எட்டிப் பார்த்தது. அவர் அளவுக்கு அங்கே செருப்பே இல்லை, இதுவரை தேவைப்பட்டதில்லையே. இருந்ததிலேயே பெரியதை மாட்டிக்கொண்டு, குதிகால் பாதி வெளியே தொங்க நடந்து வந்தார்.

மூன்றாம் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, "சோப்பு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

சரியாகப் பத்து மணிக்கு ஹோட்டலிலிருந்து போன் வந்தது. ஓரமாகப் போய், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

"யாரு போன்ல?" என்றார் அண்ணன்.

"தளத்து விஷயந்தான். நான் பாத்துக்கிட்டேன்" என்றேன்.