பையன் என்ன வேலை?

என் தங்கை மகன் புவனேசனுக்கு வயது முப்பத்து நான்கு. பல், தலைமுடி, சொந்த வேன் எல்லாம் இருக்கிறது. ஏழு இடத்தில் பெண் பார்த்தோம். ஏழு இடத்திலும் தேநீர் ஆறுவதற்குள் ஒரே கேள்விதான்: பையன் என்ன வேலை? அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் ஏழு கல்யாணம் போயிற்று. ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மந்திரிகளையே லைனில் காக்க வைத்தவள். எனக்கே வார்த்தை கிடைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரான அசாம் ஜாவாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் பிள்ளைகள் எல்லாம் ரவாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பது பெரிசுகளும் அவர்களுடைய சர்க்கரையும்தான். புவனேசன் காலை ஐந்தரைக்கே வேனை எடுத்துக்கொண்டு போய் அவர்களை ஏற்றுவான். ஆஸ்பத்திரியில் நம்பர் எடுப்பான். கூடவே உட்காருவான். "மாத்திரைய பாதிதான் சாப்பிடுறாங்க" என்று டாக்டரிடம் காட்டிக் கொடுப்பான். மருந்து வாங்கி, எது காலை, எது ராத்திரி என்று கலர் பேனாவில் எழுதி, வீட்டில் கொண்டுவந்து விடுவான். பிள்ளைகள் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்புவார்கள். போன வருடம் அந்த வேன் மூன்று நாள் பட்டறையில் கிடந்தபோது, கோலசிலாங்கூர் மாவட்டம் முழுக்க ரத்த அழுத்தம் இருபது புள்ளி ஏறியது. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் என் தங்கையைக் கேளுங்கள். அவள் முப்பது என்பாள்.

ஆனால் பெண் வீட்டில் இவன் சொல்வது, "ஆளுங்கள கூட்டிட்டுப் போறேங்க." மூன்றாவது வீட்டு அம்மா, ஆள் கடத்துகிறவன் என்று நினைத்துக் கதவையே சாத்திவிட்டார். டிரைவரா என்றால் இல்லீங்க. நர்ஸா என்றால் இல்லீங்க. ஏஜெண்டா என்றால் அதுவும் இல்லீங்க. இத்தனை இல்லீங்களுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

எட்டாவது இடம் உலு யாம். பெண் நித்தியா, ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். படத்தைப் பார்த்ததும் நம் பையன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டான். பிறந்ததிலிருந்து அவன் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. இந்தப் பெண்ணும் போய்விட்டால் இவன் சோற்றையே விட்டுவிடுவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன்," என்றேன் வேனில்.

"பெரியம்மா, கதை விடாதீங்க லா."

"கதையா? முப்பத்தொரு வருசம் லைன்ல பேசுனவடா நான்!"

பெண்ணின் அப்பா தங்கராஜு ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். மூத்த மருமகன் என்ஜினியர் என்பதை, நாங்கள் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் இரண்டு முறை சொல்லிவிட்டார். பிறகு எதிர்பார்த்தது வந்தது.

"தம்பிக்கு எங்க வேல?"

"ஆஸ்பத்திரியிலதாண்ணே. ஒண்ணா ரெண்டா, எல்லா ஆஸ்பத்திரியிலயும். பெரிய பெரிய ஸ்பெசலிஸ்டுங்க இவனப் பேர் சொல்லித்தான் கூப்புடுவாங்க."

"டாக்டரா!"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. சிரித்தேன். சிரிப்பதற்கெல்லாம் பொய் என்று பெயர் வைத்தால் நாட்டில் ஒருத்தரும் சிரிக்க முடியாது.

தங்கராஜு சட்டென்று எழுந்து கைலியை முழங்கால் வரை தூக்கினார். "இதக் கொஞ்சம் பாருங்க டாக்டர்." கணுக்காலுக்கு மேலே ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு புண்.

"அங்கிள், நான் டாக்டர் இல்ல," என்றான் புவனேசன். "பெரியவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, கூட இருந்து, திரும்பக் கொண்டாந்து விடுறேன். அவ்வளவுதான். பெரியம்மா சும்மா சொல்றாங்க."

அந்த இடத்திலேயே அவனை ஒன்று வைக்கலாம் போலிருந்தது எனக்கு. தங்கராஜு கைலியை மெதுவாக இறக்கினார். இவனோ விடுவதாக இல்லை.

"எத்தன நாளா இருக்கு? ஆஸ்பத்திரி கார்டு எங்க?"

நித்தியா கார்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். இவன் புரட்டிப் பார்த்தான். "போன மாசம் பதினாலாந் தேதி வரச் சொல்லியிருக்காங்க. நீங்க போகலயே?"

நித்தியா அப்பா பக்கம் திரும்பினாள். "மருந்து கட்டுனாங்கன்னு சொன்னீங்களேப்பா!"

"போனேன் லா. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் போனேன்." தங்கராஜு தரையைப் பார்த்தார். "கால எடுக்கணும்னு சொல்லிட்டா, அத நான் தனியா உக்காந்து கேக்கணுமா?"

புவனேசன் கார்டைத் திரும்பப் புரட்டிவிட்டு, வியாழக்கிழமை போகலாம் என்றான்.

கிளம்பும்போது தங்கராஜு கறாராகச் சொன்னார். "வியாழக்கெழம தம்பிய வேன் கொண்டாரச் சொல்லுங்க. பொண்ணு விசயம் வேற. மூத்தவர என்ஜினியர்ங்கிறேன். இவர என்னான்னு சொல்றது?" நாற்பது வருடம் லோரி ஓட்டியவர் பேசுகிற பேச்சு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நித்தியா வேன் வரை வந்தாள். "ஒரு நாளைக்கு எத்தன பேரு?"

"ஆறு."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா யாரு கூட்டிட்டுப் போவாங்க?"

"இதுவரைக்கும் வந்ததில்ல."

"இதெல்லாம் ஒரு சிஸ்டமா?" என்று திட்டிவிட்டு அவன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நானும் வேனில் ஏறிக்கொண்டேன். வேடிக்கை இருக்கும் இடத்தில் நான் இல்லாமலா? புண் பார்க்கும் பகுதியில், உறவினர் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண். பாரத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம். நம் அரிச்சந்திரன் அந்தக் கட்டத்தில் மட்டும் எல்லாப் பெரிசுகளுக்கும் 'தம்பி மகன்' என்று எழுதுகிறவன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு மொத்தம் எத்தனை பெரியப்பா?" என்று மலாயில் கேட்டார். "போன வாரம் பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஒரு சீனத் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவரும் உங்கள் பெரியப்பாதானா? இவருக்கு நீங்கள் உண்மையில் யார்?"

பிடிபட்ட புவனேசன் வாயைத் திறந்தான். "உண்மையச் சொன்னா, நான் இவருக்கு..."

தங்கராஜுவின் முகம் வெளுத்துவிட்டது. இவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். "மெனந்து!" என்று கத்தினார். "மெனந்து சாயா!"

மருமகன். என் மருமகன்.

வரிசையில் அசாம் ஜாவா ஆட்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. அவருக்கும் கேட்டது. வரிசையில் இருந்த இராஜம்மா அங்கேயே ரவாங்கில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். காலுக்கு ஆபத்தில்லை, வாரம் மூன்று முறை வந்து கட்டு மாற்றினால் போதும் என்ற நல்ல செய்தியோடு மாமனாரும் மருமகனும் வெளியே வருவதற்குள், மற்ற செய்தி நித்தியாவின் தொழிற்சாலைக்கே போய்விட்டது.

மத்தியானம் எனக்கு அழைப்பு. "ஆண்ட்டி, எங்கப்பா கவுண்டர்லயே என் கல்யாணத்த முடிச்சிட்டாராமே? என்னை ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"உனக்கு வேணாம்னா சொல்லும்மா. இப்பவே போயி அடிச்சு எழுதிட்டு வர்றேன்."

"வேணாம்னு யாரு சொன்னா? மொதல்ல அவர வேனுக்கு இன்னொரு ஆளப் போடச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

இரண்டே வாரத்தில் திலீப் என்ற பையனை வேலைக்கு வைத்தான் புவனேசன். ஆறு வருடமாக நான் கத்தி நடக்காதது.

பத்திரிகை அடிக்கும்போது மறுபடியும் அதே எழவு. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே என்ன போடுவது? 'சுகாதாரப் பயண ஒருங்கிணைப்பாளர்' என்றேன் நான். "என்னாம்மா இது, பஸ் கம்பெனியா?" என்றார் தங்கராஜு. பதினொரு பட்டம் யோசித்தேன். பதினொன்றையும் தள்ளிவிட்டார். நித்தியா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, பெயருக்குக் கீழே போன் நம்பரை எழுதினாள்.

"கல்யாணப் பத்திரிகையில நம்பரா?" என்று அலறினார் தங்கராஜு.

"என்ன வேலன்னு தெரியாதவங்க கூப்ட்டுக் கேட்டுக்கட்டும்பா."

நானூறு பத்திரிகை கொடுத்தோம். எண்ணூறு பேர் அழைத்தார்கள். ஒருத்தராவது வாழ்த்த வேண்டுமே! எல்லாம் கண், பல், முட்டி, கிட்னி. நேற்று ஒரு பெரியவர் கேட்கிறார்: "கல்யாணம் வெள்ளிக்கெழம பத்து மணிக்குத்தானே? எனக்கு எட்டு மணிக்குக் கண்ணு பாக்கணும். மாப்பிள்ள போற வழியில என்னைய ஏத்திக்குவாரா?"

நான் போனைப் பிடுங்குவதற்குள் இவன் கேட்டுவிட்டான்: "கார்டு கையில இருக்கா அங்கிள்?"