கலங்கிய கசிவு

அந்தச் சின்ன மண் அணையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கரையில் புதர் மண்டாமல் வெட்டுவாள், எலி வளைகளை அடைப்பாள், மதகுக்கு மசகு போடுவாள். கிழக்குக் கோடியை மட்டும் தம்பி ஏற்றுக்கொண்டிருந்தான். "முட்டி வலியோட அவ்வளவு தூரம் ஏன்க்கா நடக்கற? நான் பாத்துக்கறேன்" என்பான். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்ப்பான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வாள்.

அணை ததும்பிக்கொண்டிருந்த ஒரு காலை. தம்பி சந்தைக்குப் போயிருந்தான். சரி, நாமே ஒரு நடை பார்த்துவிடலாம் என்று கிளம்பினாள். கிழக்குக் கோடியில், கரையின் வெளிப்பக்க அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தெளிவாக வந்திருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். கலங்கலாக வந்தது. கரைக்குள் மண் கரைகிறது!

மேலிருந்த புல்லைக் கொத்தினாள். கறுப்புக் குழாய் ஒன்று தட்டுப்பட்டது. அதை ஒட்டித்தான் தண்ணீர் வழி பண்ணிக்கொண்டிருந்தது. கரையைக் குடைந்து குழாயைச் செருகி, மேலே புல் பதித்து மறைத்திருந்தார்கள். குழாய் போன வழியே நடந்தாள். அது தம்பியின் தக்காளித் தோட்டத்தில் போய் முடிந்தது.

நீர்மட்டம் இறங்கினால்தான் கரை நிற்கும் என்று ஓடிப்போய் மதகை முழுசாகத் திறந்துவிட்டாள்.

வாய்க்கால் பொங்கியதும் ஊரே திரண்டது. "பயிர் கதிர் பிடிக்கிற நேரத்துல இருக்கற தண்ணியெல்லாம் தொறந்து விட்டுட்டியே, இனி எதைப் பாய்ச்சறது? புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினார் கடைமடை விவசாயி ஒருவர். அவள் கசிவைக் காட்டினாள். சந்தையிலிருந்து ஓடிவந்த தம்பி, அவள் வாய் திறக்குமுன் முந்திக்கொண்டான்.

"அணையைப் பாக்கறது அக்காதானே? எலி வளையை அடைக்காம விட்டிருப்பா. அவளையே கேளுங்க."

குழாயைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். இந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. கொத்திய இடத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போனாள்.

"எந்த எலிடா குழாய் பதிக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை.

மாலைக்குள் குழாய்க்கு மேலிருந்த கரை பொத்தென்று உள்வாங்கியது. நல்லவேளை, தண்ணீர் அதற்குக் கீழே இறங்கியிருந்தது. குழாயைப் பிடுங்கி, களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்தார்கள். அணை தப்பியது, ஆனால் பாய்ச்சத் தண்ணீர் இல்லாமல் கடைமடைப் பயிர் பாதி கருகியது.

வேலை முடிந்த அன்று தம்பி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பயத்துல உளறிட்டேன்க்கா."

"குழாய் வச்சப்பவும் பயமா?"

அவள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காலில் ஒட்டியிருந்த களிமண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.